கரையில் ஓடிய மோட்டார்

மோட்டார் அலைவாயில் வந்து நின்றுபோனது. வள்ளம் குறுக்கே திரும்பிப் புரண்டது. என் மகன் எஸ்தாக்கி செத்துப்போனான். நடந்தது இவ்வளவுதான்.

இனி உட்காரும். அந்தப் பெட்டிமேல் வேண்டாம், உள்ளே தூண்டில் கிடக்கு, குத்தும். வலைமேல் உட்காரும். பழைய வலைதான்.

மோட்டாரைப் பார்க்க வந்திருக்கிறீர். ஆள் விட்டது நான்தான். அதனால் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அது ஆள் செத்த மோட்டார். நசரேன் என்று ஒரு பையனைத் தவிர எங்க கரையில் எவனும் அதைத் தொடமாட்டான். உங்க கரையில் எப்படியோ எனக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டு போன பிறகு, கிழவன் மறைச்சுட்டான் என்று நீர் சொல்லக்கூடாது. எனக்கு விற்றவன் அப்படித்தான் மறைத்தான்.

காலையில் அது கடலுக்குப் போகிற சத்தத்தைக் கேட்டீராமே. இவ்வளவு சுத்தமா ஓடுதே, யாரு சரி பண்ணினது என்று டீக்கடையில் விசாரித்தீராம். எனக்கு இங்கே சேதி வந்துவிட்டது. சொல்லுதேன். நடுவில் பேசாதீர். பேசினால் எனக்கு விட்டுப்போகும்.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகு, லாஞ்செல்லாம் கட்டிப்போட்டுக் கிடந்தது. எஸ்தாக்கி லாஞ்சில் கூலிக்குப் போகிறவன், வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான். லாஞ்சு ஓடாத காலத்தில் வள்ளம் வைத்திருக்கிறவனுக்குத்தான் யோகம். ஒரு கூடை மீன் கொண்டுவந்தால் ஏலத்தில் பறந்துபோகும். எங்களிடம் வள்ளம் இருந்தது. எஞ்சின் இல்லை. பழைய எஞ்சின் முந்தின வாடைக்காற்றிலேயே செத்துவிட்டது. வள்ளம் மணலில் கிடந்தது. உள்ளே நண்டு ஏறிக் குடும்பம் நடத்தியது.

எஸ்தாக்கிக்கு வெளிநாட்டு யோசனை. பஹ்ரைனுக்கு மீன்பிடிக்க ஆள் எடுக்கிறார்கள், மச்சினன் அங்கே இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்றான்.

"போயிட்டு வாரேம்ப்பா. ரெண்டு வருசந்தான்."

"பொண்டாட்டிய இங்க விட்டுட்டு அங்க போயி எவன் வள்ளத்தையோ தள்ளப் போறியாக்கும்? ஒன் வள்ளம் மணல்ல கிடக்குல."

"எஞ்சின் இல்லாத வள்ளத்த வச்சு என்ன செய்ய? தொட்டில் கட்டி ஆட்டவா?"

இதை அவன் சொன்னபோது மருமகள் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் வாயைக் கடித்துக்கொண்டான். கல்யாணமாகி ஆறு வருஷம், வீட்டில் தொட்டில் கிடையாது. அவன் அதை நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அப்படித்தான் வரும்.

நான் சொன்னேன், எஞ்சின் நான் கொண்டுவாரேன், நீ எங்கேயும் போகவேண்டாம் என்று. நான் சொன்னது சரிதானே? அங்கே போனவன் கதையெல்லாம் நீரும் கேட்டிருப்பீர். உயிரோடு வருவான் என்று என்ன நிச்சயம்?

தெற்கே ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கே ஒருவன் கடல்தொழிலை விட்டுவிட்டுக் கோழிக்கடை போட்டிருந்தான். அவனிடம் இந்த மோட்டார் சாக்குப்போட்டு மூடிக் கிடந்தது. பக்கத்தில் எண்ணெய் டாங்க், ஓஸ் குழாய், எல்லாம். சல்லிசாகக் கொடுக்கிறேன் என்றான். சல்லிசு என்றாலே யோசிக்கவேண்டும். யோசித்தேன். அதற்குள் அவன் சம்சாரம் காப்பி கொடுத்துவிட்டாள். குடித்துவிட்டேன். ஏமாந்தது அங்கேதான். காப்பி கொடுக்கிற வீட்டில் மோட்டார் வாங்கக்கூடாது வே.

அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணாச்சி, ஓட்டி ரெண்டு வருசம் ஆவுது. கார்பரேட்டர் அடைச்சிருக்கும், கழுவணும். பொறி அடிக்கிற காயில் ஒண்ணு போயிட்டு, மாத்தணும். டாங்க் மூடியில காத்துத்திருகு ஒண்ணு உண்டு, விழுந்து தொலைஞ்சிட்டு. அதயும் புதுசு போட்டுக்கிடுங்க."

பார்த்தீரா, எவ்வளவு நைசாகப் பேசுகிறான். இத்தனையையும் சொல்லுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். திருகாம் திருகு. எங்க பழைய எஞ்சினுக்கு டாங்க்கே கிடையாது. ஒரு பிளாஸ்டிக் கேன். அதன் வாயில் துணியைத் திணித்து வைத்திருப்போம். எத்தனையோ வருஷம் ஓடியது. மூடியில் ஒரு திருகு இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்?

கொண்டுவந்தோம். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரச் சாய்ப்பு ஒன்று உண்டு, நீர் வரும்போது பார்த்திருப்பீர். அங்கே பலகை போட்டு, நானும் எஸ்தாக்கியும் பிரித்தோம். ஒரு திருகும் அசையவில்லை. உப்பு பிடித்துக் கல்லாகக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டு, தட்டி, சுடுதண்ணி ஊற்றி, திரும்பத் தட்டி. கார்பரேட்டரைத் திறந்தால் உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது.

"அப்பா, தோசைக்குத் தொட்டுக்கலாம் போலருக்கு" என்றான் எஸ்தாக்கி.

சிரிக்கிற பயல். கையெல்லாம் கரியாக உட்கார்ந்து சிரிப்பான். மருமகள் பழைய பல் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். எட்ட நின்றுதான் நீட்டினாள். பெண்பிள்ளைகள் தொழில் சாமானைத் தாண்டக்கூடாது, தொடக்கூடாது. எங்க கரையில் அப்படி. என் வீட்டுக்காரி சும்மாவே அவள்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டிருப்பாள்.

"ஏட்டி, தாண்டிராத. வயிறு தெறக்காதவ தாண்டுனா மோட்டாரும் தெறக்காது."

இது என் வீட்டுக்காரி. அவள் அப்படித்தான் பேசுவாள். மனதில் ஒன்றும் இருக்காது.

மோட்டார் தயாராகிவிட்டது, காயில் மட்டும் வரவேண்டும். தூத்துக்குடியில் ஆதிலிங்கம் என்று ஒரு மெக்கானிக். அவன் சொல்லி வாங்கித்தர நாளாகியது. அதுவரை மோட்டார் சாய்ப்பில் ஸ்டாண்டில் தொங்கியது. டாங்க் மேலே பலகையில் இருந்தது.

அப்போதுதான் அந்தக் குளவி.

மருமகள் ஒருநாள் வந்து நின்றாள்.

"மாமா, டாங்க் மூடியில குளவி மண்ணு வைக்குது."

போய்ப் பார்த்தேன். வாஸ்தவந்தான். திருகு இல்லாத ஓட்டையைப் பார்த்து ஒரு குளவி போய்ப்போய் வருகிறது. வாயில் மண்ணு. ஒரு விரல்நுனி அளவுக்குக் கட்டிவிட்டது.

"தட்டி விட்டுரட்டுமா?"

அவ்வளவுதான். என் வீட்டுக்காரி அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

"அடி பாதகத்தி, கை வச்சிராத! வீட்டுல குளவி கூடு வச்சா தொட்டில் ஆடும்ட்டி. ஆறு வருசமா வராதது இப்பத்தான் வந்திருக்கு. மாதாவே பாத்து அனுப்பியிருக்கா."

எனக்கு இந்தப் பேச்செல்லாம் கிடையாது. குளவி கூடு வைப்பதற்கும் பிள்ளை பிறப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் வீட்டில் ஒரு பேரன் இருந்தால் யாருக்குக் கசக்கும்? இன்னொன்று, நானும் யோசித்துப் பார்த்தேன். ஓட்டை அடைபட்டால் நல்லதுதான். அலை அடித்தால் உப்புத்தண்ணி டாங்க்குக்குள் போகாது. எண்ணெய் வருவது ஓஸ் வழியாக, மூடி வழியாகவா வருகிறது? நீரே சொல்லும். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான்.

"கிடக்கட்டும், கலைக்காதீங்க" என்றேன்.

மருமகள் கையை இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். சிரிக்கிற ஆள் இல்லை அவள். அன்றைக்கு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் வாசல் பெருக்கிவிட்டு அந்தப் பலகை முன்னால் கொஞ்சநேரம் நிற்பாள். குளவி வந்து அடைத்து முடித்து, போயே போய்விட்டது. இவள் நிற்பது நிற்கவில்லை.

காயிலோடு ஆதிலிங்கமே வந்தான். மாட்டினோம். டிரம்மில் தண்ணி நிரப்பி, மோட்டாரை இறக்கி, ஒரு கேனில் எண்ணெய் விட்டு, ஓஸை அதில் போட்டு, எஸ்தாக்கி கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! கரையே திரும்பிப் பார்த்தது. நசரேன் ஓடிவந்தான். எதிர்வீட்டுப் பையன், எஸ்தாக்கிக்குக் கூட்டாளி, வள்ளத்துக்கு அவன்தான் இரண்டாவது ஆள். டிரம்மைச் சுற்றி இருவரும் ஆடினார்கள். ஆதிலிங்கம், "சோலி முடிஞ்சுது அண்ணாச்சி, இனி பத்து வருசத்துக்குப் பயமில்ல" என்றான்.

மறுநாள் டாங்க்கை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். போன கொஞ்சநேரத்தில் நின்றுபோனது. வேறொரு வள்ளம் கட்டி இழுத்துவந்தது.

கரையில் டிரம்மில் போட்டால் ஓடுகிறது. ராசா மாதிரி ஓடுகிறது. பிளக் மாற்றினேன். எண்ணெயில் தண்ணி கலந்திருக்கிறான் என்று கடைக்காரனிடம் சண்டைபோட்டேன். சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்தோம். திரும்பக் கடலுக்குப் போனார்கள். திரும்ப நின்றது. அப்புறம் தானாகவே பிடித்துக்கொண்டு வந்துசேர்ந்தது.

கரையில் பேச்சுக்குக் கேட்கவா வேணும்?

"கஸ்பார் மாமா மோட்டார் கரையில பாட்டுப்பூசை பாடுது, கடல்ல எறங்குனா தியானத்துல உக்காந்துருது."

"மாமா, பேசாம ஒரு டிரம்மக் கட்டி அதுக்குள்ளயே வலய விடுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆதிலிங்கத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் மோட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டு போய், தன் பட்டறையில் அரைநாள் ஓடவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று கொண்டுவந்து போட்டான். அவனும் கேனில் போட்டுத்தான் ஓட்டினான். எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான். மோட்டாரைச் சோதிக்க டாங்க்கையும் தூக்கிக்கொண்டு எவனாவது அலைவானா?

மோட்டாரை வேனில் ஏற்றும்போது மருமகள் வாசலில் நின்று சொன்னாள்.

"மாமா, எல்லாத்தையும் கொடுத்து விடுறீங்க. டாங்க்கு மட்டும் இங்கன கிடக்கே."

"டாங்க் என்ன, எஞ்சினா? அது ஒரு செம்பு. செம்பக் கொண்டுபோயி டாக்டர்ட்டக் காட்டுவாங்களா? ஒன் சோலியப் பாரு புள்ள."

உள்ளே போய்விட்டாள்.

எஸ்தாக்கி திரும்பவும் பஹ்ரைன் பேச்சை எடுத்தான். "அப்பா, இது நமக்கு ஆவாது. தள்ளி விட்டுருவோம்." நான் விடவில்லை. தடைக்காலம் முடியப் போகிறது. லாஞ்சு இறங்கிவிட்டால் வள்ளத்து மீனை எவன் கேட்பான்? இன்னும் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்றேன். ஒரே ஒரு தடவை. எஸ்தாக்கி தலையைச் சொறிந்தான். அப்புறம் சட்டையை மாட்டினான். அப்பன் சொல்லைத் தட்டுகிற பயல் இல்லை.

சோழக்காற்று ஓங்கி அடிக்கிற காலம். எங்க அலைவாய் பொல்லாதது. உங்க கரையில் துறைமுகம் கட்டிவிட்டான், உங்களுக்குத் தெரியாது. இங்கே மூன்று அலை ஒன்றன்மேல் ஒன்றாக உடையும். வெளியே காத்து நின்று, மூன்றாவது அலை உடைந்த கையோடு மோட்டாரை முழு வேகத்தில் விட்டுக் கரை ஏறிவிட வேண்டும். நடுவில் நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பும். திரும்பினால் அவ்வளவுதான். நான் இருவருக்கும் படித்துப்படித்துச் சொல்லித்தான் அனுப்பினேன். அலைவாய்க்கு முன்னால டாங்க் மூடிய நல்லா இறுக்கிக்கிடுங்க, ஒரு சொட்டு உப்புத்தண்ணி உள்ள போகக்கூடாது என்று.

அன்றைக்கு மத்தியானம் திரும்பி வந்தார்கள். நல்ல வெயில். நான் கரையில் நின்றேன். என் வீட்டுக்காரி, மருமகள், ஏலக்காரன், எல்லாரும் நின்றோம். மீன் பாரத்தில் வள்ளம் தாழ்ந்து வந்தது, நல்ல பாடு. வெளியே காத்து நின்றார்கள். நசரேன் குனிந்து எதையோ இறுக்கினான். எஸ்தாக்கி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். மோட்டார் உறுமியது. முதல் அலைமேல் ஏறினார்கள். இரண்டாவதிலும் ஏறினார்கள்.

சத்தம் நின்றது.

அதுதான். சத்தம் நின்றது. அவன் கயிற்றை இழுக்கிறான். திரும்ப இழுக்கிறான். வள்ளம் மெதுவாகத் திரும்புகிறது, மாடு திரும்புகிற மாதிரி. பின்னால் அலை எழும்புகிறது. நாங்கள் கத்துகிறோம். அவ்வளவு பக்கம் வே. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

நசரேன் நீந்தி வந்தான், தோள்பட்டை இறங்கிப்போய். எஸ்தாக்கியை வள்ளம் அடித்துவிட்டது. இடுப்பளவு தண்ணியில் வைத்து எடுத்தோம்.

தண்ணி வேணுமா? வேண்டாமா? சரி.

ஆதிலிங்கம் சேதி கேட்டு அன்றைக்கே வந்தான். வீட்டுவாசலில் ஆள் நிறைந்து கிடந்தது. நேரே போய்க் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். நாலு பேர் பிடித்தார்கள். அவன் போகவில்லை. மோட்டாரை ஆட்கள் கரையில் எடுத்துப் போட்டிருந்தார்கள், மணலும் உப்புமாக. அதைப் போய் நல்ல தண்ணியில் கழுவினான். பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் ஆயிலை விட்டு, கயிற்றை இழுத்து இழுத்து உப்புத்தண்ணியைக் கக்கவைத்தான். மூழ்கின மோட்டாரை உடனே கழுவாவிட்டால் மறுநாள் துரு தின்றுவிடும். சாய்ப்பில் கொண்டுபோய்த் தொங்கவிட்டுவிட்டுப் போனான். காசு கேட்கவில்லை. பார்த்தீரா? குற்றமுள்ளவன்தான் அப்படிச் செய்வான். நெஞ்சு குறுகுறுக்கும். அவன்மேல் தப்பில்லை என்று இப்போது எல்லாரும் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். அடித்தது அடித்ததுதான்.

டாங்க்கும் கரை ஒதுங்கியது. மூடி இறுக்கினபடியே இருந்தது. வெளியே இருந்த மண்ணைக் கடல் கரைத்துவிட்டது. ஓட்டைக்குள் இருந்தது மட்டும் எண்ணெயில் ஊறிக் கல்லாகிக் கிடந்தது. என் வீட்டுக்காரி டாங்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடலே கலைக்கல பாத்தீங்களா. ஏ புள்ள, ஒனக்கு நாள் தள்ளியிருக்கா? தள்ளியிருக்கும். எம்புள்ள சும்மா போகமாட்டான். ஒண்ண வச்சிட்டுத்தான் போயிருப்பான்."

ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மருமகள் பிள்ளையாண்டிருக்கிறாள் என்று. அந்தப் புள்ளை மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாங்க்கைப் பழையபடி பலகையில் வைத்து, அதன்முன் மெழுகுவர்த்தி கொளுத்தினாள் என் வீட்டுக்காரி. யாரையும் துடைக்கக்கூட விடவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து நசரேன் வந்தான். அதுவரை அவன் எங்க வாசலை மிதிக்கவில்லை. கையைக் கழுத்தில் கட்டித் தொங்கப்போட்டிருந்தான். என் காலடியில் உட்கார்ந்தான்.

"மாமா, நீங்க சொன்னது ஒண்ணையும் நாங்க தட்டல. அன்னைக்கும் கடல்ல ரெண்டு தடவ நின்னுது. எண்ணெ தீந்துபோச்சான்னு மூடியத் தெறந்தோம். பாதிக்கு மேல கெடந்துது. ஆனா தெறக்கும்போது புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு மாமா. டாங்க்கு வயிறு ஒட்டிப்போயிக் கெடந்துது. மூடிட்டு இழுத்தோம், பிடிச்சுக்கிட்டு. அடுத்த தடவயும் அப்படித்தான். தெறந்தா சரியாயிரும். அலைவாயில எறங்கறதுக்கு முன்னால நீங்க சொன்ன மாதிரியே நல்லா இறுக்குனேன். எங்கையாலதான் இறுக்குனேன்."

"நீங்க சரியாத்தாம்ல செஞ்சிருக்கீங்க" என்றேன். "பழைய டாங்க், நசுங்கியிருக்கும். வித்த பயலச் சொல்லணும்."

உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். முப்பது நாளாக வெளியே வராதவள். நேரே நசரேனிடம் கேட்டாள்.

"தெறந்தா ஓடிச்சா?"

"ஆமா மைனி."

"மூடுனா நின்னுதா?"

அவன் யோசித்தான். "கொஞ்சநேரம் ஓடும். பெறவு நிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"மாமா, அடுப்படியில எண்ணெ டின் தெறக்கும்போது ரெண்டு ஓட்டை போடுவோம்லா. ஒண்ணு எண்ணெ வர. ஒண்ணு காத்துப் போவ. ஒரு ஓட்டைன்னா வராதே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன அடுப்படி, என்ன டின்? அவள் சாய்ப்புக்குப் போனாள். மெழுகுவர்த்தியை எடுத்துக் கீழே வைத்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.

என் வீட்டுக்காரி பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தாள். "ஏட்டி, கலைக்காதட்டி! வயித்துல கெடக்கது கலைஞ்சிரும்ட்டி! ஒன் கால்ல விழுதேன்!"

"ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். "எனக்குத் தெரியும். அவிய செத்த மறுவாரமே தெரிஞ்சுபோச்சு."

என் வீட்டுக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஊசியை வைத்துக் குத்தினாள். குத்திக்குத்தித் திருகினாள். அந்த மண்ணு லேசில் போகவில்லை. பொடிப்பொடியாக உள்ளங்கையில் விழுந்தது. கடைசியில் ஒரு புழு வந்து விழுந்தது. எண்ணெய் ஆவியில் வெந்து, கறுத்து, காய்ந்துபோன புழு. றெக்கை முளைக்காதது. அதைக் கொஞ்சநேரம் வைத்துப் பார்த்தாள். ஒரு புழுவில் பார்க்க என்ன இருக்கிறது? பிறகு சாய்ப்புக்கு வெளியே போய், மணலில் குழி பறித்துப் போட்டு மூடிவிட்டு வந்தாள். சில நேரம் அந்தப் புள்ளை செய்வதற்கு ஒரு காரணமும் இருக்காது.

டாங்க்கில் எண்ணெய் விடச் சொன்னாள். மோட்டாரை டிரம்மில் இறக்கச் சொன்னாள். அவள் சொல்லி ஆண்பிள்ளைகள் செய்கிறோம், பாரும். ஓஸை டாங்க்கில் மாட்டி, மூடியை இறுக்கச் சொன்னாள். நசரேன் ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்தான். பிடித்தது. ஓடியது. ஒரு பீடி பிடிக்கிற நேரம், இரண்டு பீடி பிடிக்கிற நேரம் ஓடியது. நிற்கவே இல்லை.

அப்புறம்தான் அதைச் செய்தாள். தன் ஆள்காட்டி விரலை மூடியின் ஓட்டைமேல் வைத்து அழுத்தினாள். அழுத்தினபடியே நின்றாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சநேரத்தில் டாங்க்கின் வயிறு டொக்கென்று உள்ளே போனது. மோட்டார் இருமியது. மூச்சுக்குத் திணறுகிறவன் மாதிரி இழுத்தது, விட்டது, இழுத்தது. நின்றது.

அன்றைக்கு அலைவாயில் கேட்டேனே, அதே சத்தம். அதே மாதிரி நின்றது.

அவள் விரலை எடுத்தாள். புஸ் என்றது. நசரேன் இழுத்தான். பிடித்துக்கொண்டது.

நசரேன் டிரம்மைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான்தான் கேட்டேன்.

"இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா புள்ள?"

நியாயமான கேள்விதானே? அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதில் சொல்லவில்லை. அது ஒரு பழக்கம் அவளுக்கு. கேட்டால் பதில் வராது.

அவள் அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள், அம்மா வீட்டுக்கு வந்துவிடு என்று. போகவில்லை. நசரேனைக் கூப்பிட்டு, வள்ளத்தை இறக்குங்க, பங்கு வச்சுக்கிடுவோம் என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இறக்கிவிட்டார்கள். அன்றையிலிருந்து தினமும் விடியும்போது கரைக்கு வருவாள். வள்ளத்தைத் தொடமாட்டாள். நசரேன் டாங்க்கைத் தூக்கிவந்து அவள்முன் வைப்பான். கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து அந்த ஓட்டையில் விட்டு ஒரு திருகு திருகுவாள். அப்புறம்தான் வள்ளம் இறங்கும். தாலி அறுத்தவள் விடியக்காலம் வள்ளத்து முன்னால் நிற்கிறாளே என்று ஊரில் பேசினார்கள். புதுத் திருகு வாங்கிப் போடேன் என்று நானும் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

மோட்டார் ஒருநாளும் நிற்கவில்லை. எனக்குத்தான் அந்தச் சத்தம் ஆகவில்லை. விடியக்காலம் அது உறுமும்போது படுத்துக்கிடக்க முடிவதில்லை. அலைவாய் தாண்டுகிற வரைக்கும் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வரும்போதும் அப்படித்தான். எந்த நேரம் நிற்கும், எந்த நேரம் நிற்கும் என்று காது அங்கேயே கிடக்கிறது. அதனால்தான் உமக்கு ஆள்விட்டேன். அவளுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. வந்த விலைக்கு வேனில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

நீர் பணப்பையை எடுக்காதீர். உள்ளே வையும் அதை.

மோட்டார் கதையைக் கேட்டீர், சத்தத்தையும் கேட்டீர். யாரு சரி பண்ணினது என்று டீக்கடையில் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. ஆதிலிங்கம் இல்லை. நான் இல்லை. விலையை என்னிடம் பேசிப் பிரயோசனமில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் சரிபண்ணின ஆள் பாடு.

அந்தா, ஏலக்கூடத்திலிருந்து கூடையோடு வருகிறாளே, வெள்ளைச் சேலை. போய் நீரே கேளும். ஏ புள்ள, ஏட்டி என்று கூப்பிடாதீர், திரும்பமாட்டாள். நாங்கள் கூப்பிட்டுத்தான் அப்படிப் பழகிப்போனது. பேர் சொல்லிக் கூப்பிடும்.

செசிலி.